ஊதா மூடி டியூபும் ஒரு நாற்பது பக்க நோட்டும்: கிட்னி மாற்றியபின் வைரஸ் டெஸ்ட்டுக்கு வருகிறவர்களுக்கு

காலை ஏழரைக்கு லேப் கதவைத் திறக்கும்போதே வெளி பெஞ்சில் ஆள் இருக்கும். கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்துப் பாண்டிக்கு வந்தவர்கள். முகத்தில் மாஸ்க், கையில் தண்ணீர் பாட்டில், மடியில் தடித்த ஃபைல். கிட்னி மாற்றிக்கொண்டவர்கள் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். அவர்களிடம் நான் முதலில் பெயரைக் கேட்பதில்லை. "காலை மாத்திரை போட்டாச்சா?" என்றுதான் கேட்பேன்.

"போட்டாச்சு தம்பி. நேரம் தவறக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே, கன்னியக்கோயில் தாண்டும்போதே பஸ்ஸிலேயே குடுத்துட்டேன்" என்று உடன் வந்த அம்மா பெருமையாகச் சொல்வார். அவர் மேல் தப்பில்லை, யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் அன்று டாக்ரோ லெவல், அதாவது எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு, பார்த்துப் பயனில்லை. இருபது சொச்சம் கிலோமீட்டர் வந்தவர் இன்னொரு நாள் திரும்ப வரவேண்டும்.

நான் டாக்டர் இல்லை, லேப் டெக்னீஷியன். எந்த மருந்தை ஏற்றுவது, எதைக் குறைப்பது என்பதெல்லாம் உங்கள் நெஃப்ராலஜி டாக்டர் பார்த்துக்கொள்வார். டியூப், நேரம், ரிப்போர்ட் இந்த மூன்றும் என் பக்கத்துச் சங்கதி. ஆபரேஷன் முடிந்து, முதல்முறையாகச் சீட்டில் "சிஎம்வி பிசிஆர்", "பிகே வைரஸ்" என்று எழுதிக் கொடுத்து அனுப்பப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எதற்கு இந்த டெஸ்ட்

புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை மாத்திரையால் அடக்கி வைக்கிறார்கள். அந்த எதிர்ப்புச் சக்தியின் காவலில்தான் சில வைரஸ்கள் உங்களுக்குள்ளேயே பல வருஷமாக உறங்கிக்கொண்டிருக்கின்றன. காவல் தளர்ந்ததும் எழுந்துகொள்கின்றன. வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டதாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை, வீட்டில் யாரையும் குறைசொல்ல வேண்டாம்.

கிட்னி மாற்றியவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. சைட்டோமெகலோ வைரஸைச் சுருக்கமாக சிஎம்வி என்பார்கள். நம் ஊரில் பெரியவர்களில் பெரும்பாலானோர் சின்ன வயதிலேயே அதை வாங்கிவைத்திருக்கிறோம். மற்றது பிகே. 1971இல் லண்டனில், கிட்னி மாற்றிக்கொண்ட ஒருவரின் சிறுநீரில் அதைக் கண்டுபிடித்தார்கள். அவருடைய பெயரின் முதலெழுத்துகளே வைரஸின் பெயராக நின்றுவிட்டன.

பிகே ஏன் பொல்லாதது என்றால், கிரியாட்டினின் (கிட்னி தளர்ந்தால் ரத்தத்தில் கூடும் கழிவு) ஏறும்போது காரணம் இரண்டு விதமாக இருக்கலாம். உடம்பு கிட்னியைத் தள்ளுகிறதா, பிகே வைரஸ் கிட்னியைத் தின்கிறதா? வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோல. வைத்தியமோ நேர் எதிர். முதலாவதற்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் கூட்டவேண்டும், இரண்டாவதற்குக் குறைக்கவேண்டும். அந்த இடத்தில் டாக்டருக்கு வழிகாட்டுவது ரத்தத்தில் எண்ணிப் பார்த்த வைரஸ் கணக்கும், தேவைப்பட்டால் கிட்னி பயாப்சியும் (சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது)தான்.

ஆபரேஷனுக்கு முந்தைய காகிதத்தைத் தேடி எடுங்கள்

கிட்னி கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் ஆபரேஷனுக்கு முன்பே எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிஎம்வி ஐஜிஜி (முன்பே தொற்றியிருந்தால் உடம்பு உருவாக்கி வைத்திருக்கும் எதிர்ப்பொருள்) எல்லாம் பார்த்திருப்பார்கள். அந்த ரிப்போர்ட்டுகள் இருவருடையதும் உங்கள் ஃபைலில் இருக்கவேண்டும். கொடுத்தவருக்கு சிஎம்வி ஐஜிஜி பாசிட்டிவ், வாங்கியவருக்கு நெகட்டிவ் என்றால் அதுதான் ஆபத்து அதிகமான ஜோடி. புது வைரஸ் கிட்னியோடு சேர்ந்து வந்திறங்குகிறது, உடம்புக்கு அதோடு பழக்கமே இல்லை. இவர்களுக்குத் தடுப்பு மாத்திரையைக் கூடுதல் மாதங்கள் கொடுப்பது வழக்கம்.

ஒரு நுணுக்கம். ஆபரேஷனுக்குச் சற்று முன் ரத்தம் ஏற்றியிருந்தால், ஏற்றிய ரத்தத்தில் இருந்த எதிர்ப்பொருளே டெஸ்ட்டில் தெரிந்து, நெகட்டிவ் ஆள் பாசிட்டிவாகக் காட்டக்கூடும். ரத்தம் ஏற்றிய தேதியை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

நீண்ட நாள் டயாலிசிஸில் இருந்தவர்களுக்கு ஹெபடைடிஸ் சி எதிர்ப்பொருள் டெஸ்ட் மட்டும் போதாது. வைரஸ் இருந்தும் எதிர்ப்பொருள் உருவாகாமல் போகலாம். அவர்களுக்கு வைரஸின் மரபணுவையே தேடிப் பார்க்கும் ஆர்என்ஏ பிசிஆரே நம்பகமானது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டவர்கள் அதனால் உண்டான எதிர்ப்பொருளின் அளவை வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்வார்கள். 10க்குக் கீழே இறங்கினால் மறுபடி ஊசி.

சீட்டைப் படித்துவிட்டுக் காசைக் கட்டுங்கள்

இங்கேதான் பாதிப் பேர் வழுக்குகிறார்கள். "சிஎம்வி டெஸ்ட்" என்று வாயால் சொன்னால், பல கலெக்ஷன் சென்டர்களில் சிஎம்வி ஐஜிஜி, ஐஜிஎம் (புதுத் தொற்றில் முதலில் வரும் எதிர்ப்பொருள்) என்று பில் போட்டுவிடுவார்கள். கர்ப்பிணிகளுக்கு அதிகம் கேட்கப்படும் டெஸ்ட் அது, கை அங்கேயே போகும். கிட்னி மாற்றியபின் அதனால் உங்களுக்குப் பெரிய உபயோகம் இல்லை. ஐஜிஜி பெரும்பாலோருக்கு முன்பே பாசிட்டிவாக இருக்கும். ஐஜிஎம் உருவாக வேண்டிய எதிர்ப்புச் சக்தியையோ நாமே மாத்திரை போட்டு அமுக்கி வைத்திருக்கிறோம். வரவேண்டிய நேரத்தில் வராது, வந்தாலும் நம்ப முடியாது.

உங்களுக்கு வேண்டியது "சிஎம்வி டிஎன்ஏ குவான்டிடேட்டிவ் பிசிஆர்". இதற்கு வைரல் லோடு என்றும் பெயர். "குவாலிடேட்டிவ்" என்று இருந்தால் உண்டு, இல்லை என்று மட்டும் சொல்லும், எண் தராது. பிகே வைரஸுக்கும் அப்படியே: குவான்டிடேட்டிவ், அதோடு சாம்பிள் பிளாஸ்மாவா (ரத்தத்தில் அணுக்களைப் பிரித்தபின் நிற்கும் தெளிந்த நீர்) சிறுநீரா என்று சீட்டில் தெளிவாக இருக்கவேண்டும்.

விலை ஆயிரக்கணக்கில் போகும் டெஸ்ட் இது, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கடலூர்க்காரர்களுக்குத் தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டை, பாண்டிக்காரர்களுக்கு வேறு. எது எங்கே செல்லும் என்பதை ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுண்டரில் கேட்டுவிட்டே லேப் பக்கம் வாருங்கள். ஜிப்மர் போன்ற இடத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் முடிந்தவரை அங்கேயே டெஸ்ட்டையும் தொடருங்கள். ஏன் என்பது ரிப்போர்ட் பகுதியில் வரும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை

ஆடிக்கு ஒருமுறை அமாவாசைக்கு ஒருமுறை பார்க்கும் டெஸ்ட் இல்லை இது. சிஎம்விக்கு இரண்டு பாதை உண்டு. ஒன்று, தொடக்கத்தில் மூன்றிலிருந்து ஆறு மாதம் வால்கான்சிக்ளோவிர் மாத்திரையைத் தடுப்பாகவே கொடுப்பது. மற்றது, மாத்திரை கொடுக்காமல் முதல் மூன்று மாதம் வாராவாரம் பிசிஆர் பார்த்து, எண் ஏறும்போது வைத்தியத்தைத் தொடங்குவது. உங்களுக்கு எந்தப் பாதை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் பாதைக்காரர்கள் மாத்திரை நின்றதும் "கண்டம் தாண்டியாச்சு" என்று நினைப்பார்கள். சிஎம்வி தலைதூக்குவது பெரும்பாலும் மாத்திரை நிறுத்திய பிறகு வரும் மூன்று மாதத்தில்தான்.

பிகேக்கு முதல் மாதங்களில் மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இரண்டு வருஷம்வரை தொடரும் ஆஸ்பத்திரிகளும் உண்டு. காரணமில்லாமல் கிரியாட்டினின் ஏறினால் இந்தக் கணக்குக்குக் காத்திராமல் உடனே.

ரத்தம் கொடுக்கும் காலை

வைரஸ் பிசிஆருக்கு வெறும் வயிறு தேவையில்லை, இட்லி சாப்பிட்டுவிட்டு வரலாம். ஆனால் அதே நாளில் டாக்ரோலிமஸ் லெவலும் இருந்தால் காலை மாத்திரையைப் போடாமல் வாருங்கள். முதல் நாள் இரவு எட்டுக்குப் போட்டிருந்தால் காலை எட்டு மணியை ஒட்டி ரத்தம். அடுத்த வேளை போடுவதற்கு முன், உடம்பில் மருந்து மிகக் குறைந்திருக்கும் நேரத்து அளவுதான் டாக்டருக்கு வேண்டும். மாத்திரையைப் பையிலேயே கொண்டுவாருங்கள். ஊசி எடுத்த அடுத்த நிமிஷம் வாயில் போட்டுக்கொள்ளலாம். நாளுக்கு ஒருமுறை போடும் வகை என்றால் நேரத்தை டாக்டரிடம் கேளுங்கள்.

எந்தக் கையை நீட்டுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்த வழி) போட்ட கையில் நரம்பு கயிறுபோல் புடைத்திருக்கும். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைக்கு அதைப் பார்த்தால் ஆசையாக இருக்கும், சுலபமாகக் கிடைக்குமே என்று. கொடுக்காதீர்கள். கிட்னி மாற்றியாகிவிட்டது, இனி அந்தக் கை எதற்கு என்று நினைக்க வேண்டாம். "இது ஃபிஸ்டுலா கை, மறு கையில எடுங்க" என்று நீங்களே சொல்லுங்கள்.

டியூப் ஊதா மூடி போட்டது, ஈடிடிஏ டியூப் என்பார்கள். ரத்தம் விழுந்ததும் மெதுவாக எட்டுப் பத்து முறை தலைகீழாகத் திருப்பவேண்டும். குலுக்கினால் ரத்த அணுக்கள் உடைந்து பிளாஸ்மா சிவந்துவிடும். திருப்பாமல் விட்டால் உறைந்து கட்டியாகிவிடும். இரண்டுமே பிசிஆருக்கு ஆகாது, மறுபடி குத்து வாங்கவேண்டி வரும். பச்சை மூடி டியூப் எடுத்தால் தடுத்துக் கேளுங்கள். அதில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் இருக்கும், பிசிஆர் வினையையே அது முடக்கிவிடும்.

ஹெப்பாரின் விஷயத்தில் என் கைப்பிழை ஒன்றைச் சொல்லவேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறோர் இடத்தில், வார்டிலிருந்து ஒரு சாம்பிள் வந்தது. ஊதா மூடிதான். ஆனால் ரத்தத்தை இழுத்தது டயாலிசிஸ் கத்தீட்டரிலிருந்து. அந்தக் குழாய் அடைபடாமல் இருக்க ஹெப்பாரினை நிரப்பி வைத்திருப்பார்கள். எங்கிருந்து எடுத்தது என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு சாம்பிளோடும் வினை சரியாக ஓடியதா என்று காட்ட ஒரு சாட்சி டிஎன்ஏவையும் சேர்த்து ஓட்டுவோம். அந்தச் சாட்சி அன்று தாமதமாகத்தான் வந்தது. பார்த்தேன், பரவாயில்லை என்று விட்டுவிட்டேன், "இல்லை" என்று ரிப்போர்ட் போயிற்று. இரண்டு நாள் கழித்து நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் எண் நாலு இலக்கத்தில் வந்தது. நல்லவேளை, நோயாளியின் வயிற்றுப்போக்கைப் பார்த்த டாக்டர் எங்கள் ரிப்போர்ட்டை நம்பாமல் மறுபடி கேட்டிருந்தார். அன்றிலிருந்து "எந்த இடத்துல எடுத்தது?" என்று கேட்காமல் எந்த டியூபையும் நான் வாங்குவதில்லை.

பிகேக்குச் சிறுநீரும் கேட்டிருந்தால், அந்த டப்பாவையும் ரத்த டியூபையும் ஒரே கவரில் போடாதீர்கள். பிகே பாதித்தவரின் சிறுநீரில் வைரஸ் கோடிக்கணக்கில் இருக்கும். ஒரு துளி கசிந்தால் ரத்தக் கணக்கும் கெட்டது.

சாம்பிளின் பயணம்

கடலூரில் ரத்தம் கொடுத்து, சாம்பிள் மட்டும் பாண்டிக்கோ சென்னைக்கோ போகிறது என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். பிளாஸ்மாவை எப்போது பிரிப்பார்கள்? 24 மணி நேரத்துக்குள் பிரிக்கவேண்டும், சீக்கிரம் நடந்தால் இன்னும் நல்லது. குளிர்ப்பெட்டியில் போகிறதா? 2 முதல் 8 டிகிரி சரி. ஐஸ் கட்டிமேல் நேராக வைத்தால் ரத்தம் உறைந்து அணுக்கள் உடையும். டெஸ்ட்டை எந்தக் கிழமைகளில் ஓட்டுகிறார்கள்? பல லேப்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள்தான் பிசிஆர் ஓடும். சனிக்கிழமை சாயங்காலம் கொடுக்கும் சாம்பிள் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. திங்கள், செவ்வாய் காலை வாருங்கள்.

ரிப்போர்ட்டைப் படிக்கும் விதம்

மூன்று விதமாக எழுதுவோம். "நாட் டிடெக்டட்" என்றால் வைரஸ் தென்படவில்லை. "டிடெக்டட்" என்று போட்டு, அளக்கும் எல்லைக்குக் கீழே என்றால், இருக்கிறது ஆனால் எண்ணிச் சொல்லுமளவுக்கு இல்லை. மூன்றாவது, ஓர் எண். இரண்டாவது வகையைப் பார்த்து ராத்திரியெல்லாம் தூங்காமல் போன் போடுகிறவர்கள் உண்டு. அது பெரும்பாலும் "அடுத்த வாரம் மறுபடி பார்" என்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

அடுத்தது அலகு. அந்தக் காலத்தில் பட்டணம் படி ஓர் அளவு, ஊர்ப்படி இன்னோர் அளவு. நாலு படி நெல் என்றால் யார் வீட்டுப் படி என்று கேட்பார்கள். வைரல் லோடும் அப்படித்தான் இருந்தது, ஒவ்வொரு லேபும் தன் கணக்கில் இத்தனை காப்பி, அதாவது வைரஸின் இத்தனை பிரதி, என்று சொல்லிக்கொண்டிருந்தது. சிஎம்விக்கு 2010இல் உலக சுகாதார நிறுவனம் பொதுப்படி ஒன்றைக் கொண்டுவந்தது, அதுதான் ஐயு (சர்வதேச அலகு). பிகே ரிப்போர்ட்டில் இன்னும் காப்பி கணக்கைப் பார்க்கலாம். போன மாதம் காப்பி, இந்த மாதம் ஐயு என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். பிளாஸ்மாவில் பார்த்த எண்ணையும் முழு ரத்தத்தில் பார்த்த எண்ணையும் ஒப்பிடவும் கூடாது. சிஎம்விக்கு முழு ரத்தத்தில் எண் கூடுதலாகத்தான் வரும். ஒரே லேப், ஒரே வகை சாம்பிள், ஒரே அலகு. ஆபரேஷன் செய்த இடத்திலேயே தொடருங்கள் என்றது இதற்காகத்தான்.

கொரோனா காலத்தில் சிடி வேல்யூ என்ற சொல் எல்லார் வாயிலும் புகுந்துவிட்டது, இப்போதும் கேட்கிறார்கள். இங்கே அது வேண்டாம். ஓர் எண் இருக்கும்போது அதையே எழுதி வையுங்கள்.

நாற்பது பக்க நோட்டு அதற்குத்தான். நெல்லிக்குப்பத்து அக்கா ஒருவர் தம்பிக்காக ஒன்று வைத்திருந்தார். மளிகைக் கணக்குபோல் நேர்கோடு போட்டுத் தேதி, லேப், சாம்பிள், எண், கிரியாட்டினின், டாக்ரோ லெவல், வெள்ளையணு. அதைப் பார்த்தபிறகு வருகிற எல்லாரிடமும் நோட்டு வாங்கச் சொல்கிறேன். மாதிரிக்கு ஒரு சிஎம்வி வரிசை எழுதிக் காட்டுகிறேன்: முதல் வாரம் இல்லை, இரண்டாம் வாரம் 1,400, மூன்றாம் வாரம் 9,800, மருந்து தொடங்கியது, நான்காம் வாரம் 12,000, ஐந்தாம் வாரம் 3,100, ஆறாம் வாரம் 600.

1,400இலிருந்து 9,800 ஏழு மடங்கு, நிஜமான ஏற்றம். 9,800இலிருந்து 12,000? வீட்டில் அழுகையே வந்துவிடும், மருந்து கொடுத்தும் ஏறுதே என்று. அது ஏற்றமே இல்லை. ஒரே ரத்தத்தை இரண்டு முறை ஓட்டினாலும் அவ்வளவு வித்தியாசம் வரலாம். ஏறக்குறைய மூன்று மடங்குக்கு மேல் மாறினால்தான் நாங்கள் மாற்றம் என்போம். ரிப்போர்ட்டில் லாக் கணக்கு (பத்தின் அடுக்கில் சொல்வது) இருந்தால் அது 0.5. ஆயிரம் என்பது லாக் 3, பத்தாயிரம் லாக் 4. அதோடு, மருந்து தொடங்கிய முதல் வாரத்தில் எண் உடனே இறங்காமல் போவதும் சகஜம். இரண்டு வாரம் முழு அளவில் மருந்து கொடுத்தும் இறங்கவில்லை என்றால்தான் வைரஸ் மருந்துக்கு அடங்காததாக மாறிவிட்டதா என்று அதன் மரபணுவைப் பார்க்கக் கேட்பார்கள்.

நோட்டில் வெள்ளையணுவையும் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. சிஎம்வியும் வெள்ளையணுவைக் குறைக்கும், அதற்கான வால்கான்சிக்ளோவிரும் குறைக்கும். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது டாக்டருக்குத் துப்பு கிடைக்கும்.

பிகேக்குப் பிளாஸ்மாவில் 10,000 காப்பி என்பது பலரும் வைத்திருக்கும் எச்சரிக்கைக் கோடு. 1,000க்கு மேல் வாரக்கணக்கில் நின்றாலும் கவனிப்பார்கள். சிறுநீரில் மட்டும் இருந்து ரத்தத்தில் இல்லை என்றால் பயப்படாதீர்கள், பலருக்கு அது ரத்தத்துக்கு வராமலே அடங்கிவிடும். பிகேவைக் கொல்ல உறுதியான மருந்து இல்லை, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை அளவாகக் குறைப்பதே வழி. அந்த எண் சிஎம்வி போல் வாரங்களில் இறங்காது, மாதங்கள் ஆகும். கூகுள் பார்த்து நீங்களாக மாத்திரையைக் குறைத்தீர்களோ, கிட்னியே போய்விடும்.

ஒன்று மட்டும் பிடிவாதமாகச் சொல்வேன். வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, ரத்தத்தில் சிஎம்வி இல்லை என்றால் அதோடு விடாதீர்கள். குடலில் சிஎம்வி இருந்தும் ரத்தத்தில் தெரியாமல் போவதுண்டு. அங்கே பயாப்சிதான் பேசும். மேலும் வயிற்றுப்போக்கின்போது டாக்ரோ லெவல் ஏறிவிடும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மற்ற வைரஸ்கள் சுருக்கமாக. காரணமில்லாமல் ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே போனால் பார்வோ பி19 பிசிஆர் கேட்பார்கள். கழுத்திலோ அக்குளிலோ கட்டி வந்தால், முக்கியமாகக் குழந்தைகளுக்கு, எப்ஸ்டீன் பார் வைரஸ். அக்கி கொப்புளம் என்றால் கொப்புளத்து நீரைத் துடைத்தெடுத்து பிசிஆர். அதற்கு முன் வீட்டில் அக்கிக்கு மண் பூசி எழுதிவிட்டு வராதீர்கள், சாம்பிள் எடுக்க இடமே இருக்காது.

ஐப்பசி, கார்த்திகைக் காய்ச்சல்

வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் கடலூரிலும் பாண்டியிலும் காய்ச்சல் என்றாலே டெங்கு என்பார்கள். காய்ச்சல், உடம்புவலி, தட்டணுக்களும் வெள்ளையணுவும் குறைவு. டெங்குவும் இப்படித்தான், சிஎம்வியும் இப்படித்தான். தெரு முனை லேபில் டெங்கு நெகட்டிவ் என்றதும் வீட்டுக்கு வந்து கஷாயம் குடித்துப் படுத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் ஐந்து நாளுக்குள் என்றால் டெங்கு வைரஸின் புரதத்தையே தேடும் என்எஸ்1 டெஸ்ட்டைக் கேளுங்கள். ஐஜிஎம் அதற்குப் பிறகே உயரும், உங்களுக்கு இன்னும் பிந்தலாம். அதே ஊசியில் சிஎம்வி பிசிஆருக்கும் ஓர் ஊதா டியூப் எடுக்க முடியுமா என்று உங்கள் டிரான்ஸ்பிளான்ட் டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரையோ ஆன்டிபயாட்டிக்கோ நீங்களாக வாங்க வேண்டாம். வலி மாத்திரைகள் கிட்னியைக் கெடுக்கும், சில ஆன்டிபயாட்டிக்குகள் டாக்ரோ லெவலைக் கன்னாபின்னாவென்று ஏற்றிவிடும். எந்த ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றாலும் காய்ச்சல் எத்தனை நாளாக என்று சொல்வதற்கு முன், "இவர் கிட்னி மாத்தினவர், இந்தத் தேதியில மாத்தினது" என்று சொல்லி நோட்டை நீட்டுங்கள்.